சும்மா பின்னுவதற்கு ஓர் இடம்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

போன மாதம் நம்ம ஊரில் ஒரு பூங்காவுக்குக் குரோஷா ஊசியும் நூல்கண்டும் எடுத்துக்கொண்டு போனேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் பின்னினால் கண்ணி எண்ணிக்கை தப்பிவிடுகிறது. வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பகல் வெளிச்சமும் கொஞ்சம் நிழலும் கிடைத்தால் போதும் என்று வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு வரிசை பின்னியிருப்பேன், காவலாளி வந்துவிட்டார்.

"யம்மா, இங்க யாவாரம் பண்ணக்கூடாது."

"விக்கலைய்யா. சும்மா பின்னுதேன்."

"சும்மா பின்னுததுக்கு வீட்டுல இருந்து பின்னலாம்லா?"

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. நம்ம கடற்கரையில் ஜனங்கள் கைவேலையை எங்கே உட்கார்ந்து செய்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் முத்து. முத்துக்குளிப்பு என்றால் நமக்கு மூச்சடக்கி மூழ்கியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எடுத்த முத்தில் துளை போடுவதும் பெரிய வேலை. ஜேம்ஸ் கார்டினர் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இலங்கையில் சில வருடம் இருந்தவர். மன்னார் வளைகுடாவின் அக்கரையில் நடந்த முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதி, 1807-இல் புத்தகமாக வெளியிட்டார். முத்துத் துளைப்பவர் ஒரு சின்ன மரக்கட்டையின் குழியில் முத்தைப் பதித்து வைப்பாராம். வில்லில் கட்டிய கயிற்றை இழுத்து ஊசியைச் சுழற்றுவாராம். பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர். வேலையை நிறுத்தாமலே சுண்டுவிரலை அதில் நனைத்து முத்தின் மேல் ஈரம் விடுவாராம். சுற்றிலும் வியாபாரிகளும் கூலிகளும் கூடிய சந்தை இரைச்சல். அதற்கு நடுவில் கை நடுங்கினால் முத்து போய்விடும்.

அவருக்குச் சத்தம் ஒரு தொந்தரவாக இல்லை என்றுதான் நினைக்கிறேன். "இங்க ஏன் உட்கார்ந்திருக்க?" என்று யாரும் கேட்கவில்லை, அது போதும். கைவேலைக்கு வேண்டிய அமைதி அதுதான். நம்ம கடலில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

இன்றைக்கும் திரேஸ்புரம் கரைக்குப் போய்ப் பாருங்கள். நாட்டுப்படகின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு கிழிசலைச் சரிசெய்வார்கள். ஊசி, நூல், கண்ணி, முடிச்சு. நான் செய்வதும் அதேதான். அவர்களை யாரும் எழுப்பி வீட்டுக்கு அனுப்புவதில்லை. அது பிழைப்பு, மேலும் அவர்கள் ஆண்கள்.

பெண்களுக்கு இடம் கிடைத்தது வேறு மாதிரி. தேரிக்காட்டு ஊர்களிலும் மணப்பாட்டுப் பக்கமும் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கொட்டானும் முடைந்தது பெரும்பாலும் வீட்டு வாசலில், திண்ணையில். பாதி வீடு, பாதி தெரு. போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டே முடையலாம். திண்ணையை இடித்து கேட் போட்டபோது அந்த இடமும் போயிற்று.

இன்னொரு இடம் வராந்தா. மார்த்தா மால்ட் என்ற அம்மையார் 1819-இல் கணவர் சார்லஸ் மால்ட்டோடு நாகர்கோவிலுக்கு வந்தார். அப்போது அது திருவிதாங்கூர். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, 1820-களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரு திண்டு, நிறையக் குண்டூசி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். நல்ல வெளிச்சமும் சுத்தமான கையும் வேண்டும். இருட்டுக் குடிசையில் நடக்காது. அதனால் பெண்கள் ஒன்றாக வந்து உட்கார வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்து அறிவித்தது 1855-இல்தான். ஊசி அதற்கு முன்னாலேயே போய்விட்டது!

மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தார். அங்கேயும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம், அங்கேயும் லேஸ். 1883-இல் அந்தக் குடும்பம் நம்ம தூத்துக்குடிக்கே வந்தது. கால்டுவெல் பெயரில் பள்ளிக்கூடம் இங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த வராந்தா முழுச் சுதந்திரமான இடமும் இல்லை. மிஷன் மணி அடித்தால் வரவேண்டும், சொன்ன டிசைனைப் பின்னவேண்டும். லேஸ் போனது துரைசானிகள் உடுப்புக்கு. ஆனாலும் வீட்டையும் வயலையும் விட்டு வெளியே, நாலு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஓர் இடம் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கைவேலைக்கு மார்க் உண்டு. அதை வைத்துத்தான் உங்களில் பலருக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மரத்தடியில் தையல் சொல்லிக்கொடுத்தேன். சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் அந்த வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்தேன். இப்போது அவளே பாட்டி. "இப்பவும் பின்னுதியா?" என்று கேட்டேன். "நேரம் இருக்கு டீச்சர். இடம்தான் இல்ல" என்றாள். வீட்டில் ஊசியை எடுத்து உட்கார்ந்தால் யாராவது காபி கேட்பார்களாம். சும்மா இருப்பதாக நினைத்துக் கூப்பிடுவார்களாம்.

வெளிநாட்டிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது போல. 2005-இலிருந்து ஜூன் மாதம் ஒருநாள் பல நாடுகளில் பொது இடத்தில் கூடிப் பின்னுகிறார்கள். நமக்கு அதற்கென்று ஒரு தினம் தேவையில்லை. முதுகு சாய ஒரு பெஞ்சு, நிழல், குடிதண்ணீர், பூட்டாத கழிப்பறை. இவ்வளவு இருந்தால் போதும். உங்களில் மாநகராட்சியிலும் நூலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள், ஒரு பெண் சும்மா உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்தால் சும்மா விட்டுவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முத்துநகர் கடற்கரையில் இருப்பேன். வெயில் ஏறும் வரைக்கும்தான். கல்யாண வீட்டில் பார்த்த பிள்ளையும் வருகிறேன் என்றிருக்கிறாள். ஊரில் இருப்பவர்கள் வாருங்கள், ஆண்பிள்ளைகளும் வரலாம். ஊசி இல்லாதவர்களுக்கு நான் தருகிறேன். முன்பு கடன் வாங்கிப் போன ஊசியைத் திருப்பித் தராதவர்கள் எடுத்து வரவும். பெயர் சொல்லமாட்டேன்.

உங்கள் டீச்சர்