கூவம் நதியும் திருக்குளக் கைங்கரியமும்

கும்பாபிஷேகப் பெருவிழாவிலே யாகசாலைக் கலசங்களை நிரப்புவது புண்ணிய நதிகளின் நீர். கங்கை, காவிரி, தாமிரபரணி முதலிய நதிகளின் தீர்த்தங்களை அன்பர்கள் நெடுந்தொலைவிலிருந்து பக்தியுடன் கொணர்கின்றனர். ஆயின், தமிழகத்தின் தலைநகராகிய சென்னையின் நடுவே ஓடிக் கடலில் கலக்கும் கூவத்திலிருந்து ஒரு செம்பு நீரேனும் நகரத்தார் எவரும் முகப்பதில்லை. அதன் பாலங்களைக் கடப்போர் மூக்கைப் பொத்திக்கொண்டு செல்கின்றனர். தேவாரத் தலங்கள் இரண்டனோடு தொடர்புடைய நதிக்கு இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? மீண்டும் அது நீர்மை பெறுமாயின் அதிலே திருக்கோயில் அன்பர்களுக்கு உரிய பங்கு யாது? இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பது இம்மலருக்குப் பொருந்தும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கூவம் என்னும் சிற்றூரின் ஏரி இந்நதியின் பிறப்பிடமாகச் சொல்லப்படுகின்றது. கேசவரம் அணைக்கட்டிலே கோசத்தலையாற்றின் நீரும் பிரிந்து இதனைச் சார்வதுண்டு. அச்சிற்றூரே திருஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட பெருமானின் தேரிலே கூவரம் முறிந்த இடமாதலின் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். மழை மிகும் காலத்தே திரிபுராந்தகர் திருமேனியில் வெண்மை தோன்றும் என்பது தலமரபு. மழையின் வரவை இறைவன் திருமேனியிலே கண்டறிய விழைந்த மக்கள் வாழ்ந்த ஊரிலே தோன்றிய நதி இது.

அங்கிருந்து கிழக்கு நோக்கி வரும் கூவம், சம்பந்தர் பாடல் பெற்றதும் மூர்க்க நாயனார் அவதரித்ததுமாகிய திருவேற்காட்டைத் தழுவிச் சென்னையை அடைகின்றது. 1734-ஆம் ஆண்டில் கும்பினியார் நெசவாளரைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தபோது தேர்ந்த இடம் இந்நதியின் வளைவே ஆகும். வள்ளல் பச்சையப்ப முதலியார் (1754-1794) கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த நாளில் கூவத்தில் நீராடி இறைவனை வழிபட்டார் என்று வரலாறு எழுதினோர் கூறுவர். காஞ்சி, சிதம்பரம் முதலிய தலங்களுக்கு அறம் செய்த அப்பெருமகன் இறங்கி நீராடிய துறையிலே இன்று கால் நனைப்பாரும் இல்லை.

நம் முன்னோர் மழையை ஓட்டிவிட வேண்டிய பகையாகக் கருதவில்லை. தங்கவைக்க வேண்டிய விருந்தாகவே கருதினர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலிங்கு வழியே மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். எஞ்சியதே ஆற்றை அடையும். ஊர் நடுவே திருக்குளம் வீதிகளின் நீரை வாங்கி நிலத்தடியிலே சேர்த்துக் கிணறுகளைக் காத்தது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்றே தனியொரு வாரியத்தைக் குறிக்கின்றன. அவ்வூரின் வயிரமேக தடாகத்திலே ஆண்டுதோறும் வண்டல் வாருவதற்கு அன்பர்கள் பொன் அளித்த செய்தியும் கல்லிலே உள்ளது. ஏரியைப் பேணுதற்கு விட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. நந்தா விளக்குக்கு ஆடு அளித்ததைப் பொறித்த உளியே சேறு வாரப் பொன் அளித்ததையும் பொறித்தது. இரண்டும் அவர்களுக்கு ஒரே தருமம்.

நகரம் பெருகவே இந்த ஒழுங்கு குலைந்தது. மயிலைக்கு மேற்கே கிடந்த நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராயநகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்திலே 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரியின் பெயர் மட்டும் தெருப்பெயர்களில் எஞ்சியுள்ளது. கூவத்தின் மேல்நீரில் ஒரு பகுதி ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலே பிரிக்கப்பட்டுக் குடிநீருக்காகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குச் செல்கின்றது. முகத்துவாரத்தின் வடபால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே துறைமுகம் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் கடல்மணல் அதன் தென்புறம் தேங்கி ஆற்றின் வாயை அடைக்கலாயிற்று. மேலிருந்து நன்னீரின் வரவு குறைந்தது. கீழே கடலின் வழி தடைப்பட்டது. நடுவே நகரத்தின் கழிவுநீர் வந்து புகுந்தது. தேங்கிய அழுக்கு நீரிலுள்ள பிராணவாயுவை உண்ணவே மீனினம் அழிந்தது. நீர் கருத்து நாற்றம் எழுந்தது.

ஆற்றை மறந்த நகரத்தை மழை மறக்கவில்லை. 1943-ஆம் ஆண்டிலே கூவம் கரைபுரண்டு சென்னையைக் கலக்கியது. 2015 டிசம்பர்த் தொடக்கத்திலே ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. அடையாறு பெருகிப் பல உயிர்களைக் கொண்டது. ஓர் ஏக்கர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் சேரும். 49 சென்டிமீட்டராயின் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர். மண்ணும் ஏரியும் குளமும் வாங்க வேண்டிய இவ்வெள்ளத்தைத் தெருவோரக் கால்வாய் ஒன்றே தாங்குமா?

திருத்த முயற்சிகள் நடவாமல் இல்லை. 1967-இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது கூவம் சீரமைப்புப் பணி தொடங்கிற்று. கரைகள் செப்பனிடப்பட்டன, படகுத்துறைகள் எழுந்தன, படகுகளும் ஓடின. கழிவுநீரின் வரவு நிற்காமையால் அப்பொலிவு நிலைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் வழியே மீண்டும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. அவற்றின் பொருட்டுக் கரையோர ஏழைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. அவர்தம் பிழைப்பு நகரத்திலும் இருப்பிடம் எல்லையிலுமாகப் பிரிந்தது. கூவத்தைக் கெடுத்தது குடிசை மட்டுமன்று. மாடிவீடும் கடையும் தொழிற்சாலையும் மழைநீர்க் கால்வாயிலே திருட்டுத்தனமாகச் சேர்த்த கழிவுக்குழாயும் அன்றோ? குற்றம் பலரதாக, தண்டனை எளியோரைச் சேர்வது அறமாகாது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்று. மழைநீருக்கும் கழிவுநீருக்கும் வழி வேறு வேறாக இருத்தல் வேண்டும். முன்னதைத் தங்கவைத்துப் பின்னதைத் தூய்மை செய்தாலன்றி, கரைக்கு எத்துணை அழகு செய்தாலும் ஆறு உயிர் பெறாது.

இங்கேதான் திருக்கோயில் அன்பர்களின் கைங்கரியம் தொடங்குகின்றது. 2003-ஆம் ஆண்டிலே தமிழக அரசு கட்டடங்களில் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. வறண்டு கிடந்த திருக்குளங்கள் சிலவற்றுக்கு அண்டை வீதிகளின் மழைநீரைத் திருப்பும் பணியும் நடைபெற்றது. வழி விட்டால் குளம் நிறையும் என்பது இதனால் விளங்கும். ஆயினும் சாலையை மேன்மேலும் உயர்த்துவதால் வரத்துக்கால் அடைபடுகின்றது. நீர் தங்கட்டும் என்று எண்ணிக் குளத்தின் அடியிலே சிமெண்டு பூசுவாரும் உளர். அது நிலத்தடி ஊற்றின் வாயை அடைப்பதாகும். வரத்துக்காலில் கழிவுநீர் கலவாது காத்தல், மணலும் குப்பையும் தங்குதற்கு வழியிலே சிறு தொட்டி அமைத்தல், கோடையிலே வண்டல் வாருதல், மிகுநீர்ப் போக்கைத் திறந்து வைத்தல் ஆகிய நான்கும் பெருஞ்செலவு வேண்டாத் திருப்பணிகள்.

விமானத்துக்குப் பொன் வேய்வோரின் பெயர் கல்லிலே நிற்கின்றது; நிற்கவும் வேண்டும். அதன் அருகே, திருக்குளத்துச் சேறு வாரக் கொடுத்தோரின் பெயரும் உத்தரமேரூரிற் போல நிற்றல் வேண்டும். ஒவ்வொரு திருக்குளமும் தன் வீதியின் மழையைத் தாங்குமாயின் ஆற்றின் சுமை அத்துணைக்கத்துணை குறையும். கலசத்திலே நீரை ஆவாகனம் செய்து வணங்கும் நாம், கால்வாயிலே வரும் மழையையும் அவ்வாறே போற்றுவோமாக. கூவத்தின் நீரும் ஒருநாள் கலசத்தில் ஏறும் காலம் வருமாறு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.