மாவட்ட முன்னாள் படைவீரர் வாரியம்

மாவட்ட முன்னாள் படைவீரர் வாரியம் என்பது முன்னாள் படைவீரர்கள், உயிர்நீத்த வீரர்களின் மனைவியர், பணியில் இருப்போரின் குடும்பத்தார் ஆகியோரின் நலனைக் கவனிக்கவும் அதுபற்றி அரசுக்கு ஆலோசனை கூறவும் மாவட்ட அளவில் அமைக்கப்பட்ட குழு ஆகும். மாவட்ட ஆட்சியர் இதன் தலைவர். படையில் உயர்பதவி வகித்த அதிகாரி ஒருவர் துணைத்தலைவராக இருப்பார். அரசுத் துறை அலுவலர்களோடு, முன்னாள் வீரர்களும் ஊரில் மதிப்புப் பெற்ற பொதுமக்களும் ஊதியம் பெறாமல் உறுப்பினர்களாகப் பணியாற்றுவர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களில் வாழும் முன்னாள் படைவீரர்கள் விருதுநகர் மாவட்ட அமைப்பின் கீழ் வருகின்றனர்.

தோற்றம்

இவ்வமைப்பின் வேர் முதல் உலகப் போரில் உள்ளது. அப்போரில் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் பணியாற்றினர். ஆள் சேர்ப்பதற்காகப் போர்க்காலத்தில் உருவான குழுக்களே, போர் முடிந்ததும், திரும்பி வந்தவர்களைக் கவனிக்கும் குழுக்களாக மாறின. 1919இல் இந்தியப் படைவீரர் வாரியம் நிறுவப்பட்டது. மாகாணங்களிலும் மாவட்டங்களிலும் அதன் கிளைகள் தோன்றின. பஞ்சாபில் மாவட்டப் போர்க் குழுக்கள் அப்படியே மாவட்டப் படைவீரர் வாரியங்களாக உருமாறின. வீரர்களை மிகுதியாக அனுப்பிய மாகாணம் என்பதால் வாரியங்கள் அங்கு வலுவாக வேரூன்றின.

சென்னை மாகாணத்தின் நிலை வேறு. முதல் உலகப் போருக்குப் பின் மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. தெற்கிலிருந்து ஆள் எடுப்பது சுருங்கியது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது நிலை தலைகீழானது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது. இந்தியப் படை 25 லட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது. தென்மாவட்ட இளைஞர்கள் திரளாகச் சேர்ந்தனர். போர் முடிந்தபின் படை வேகமாகக் குறைக்கப்பட்டது. ஓய்வூதியத்திற்குரிய பணிக்காலத்தை நிறைவு செய்யாத பெரும்பாலோர் ஓய்வூதியமின்றி ஊர் திரும்பினர். போர்க்காலத்தில் அவர்கள் பெயரில் மாதந்தோறும் ஒதுக்கப்பட்ட தொகை, போருக்குப் பிந்தைய மறுவாழ்வு நிதியாகத் திரட்டப்பட்டு மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தனித்தனியே பிரித்துக் கொடுக்காமல் பொது நலனுக்குப் பயன்படுத்தப்பட்ட அந்நிதியும், ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வீரர்களும் வாரியங்களின் பணிக்கு அடிப்படையாயினர்.

பிரிட்டனிலும் முதல் உலகப் போருக்குப் பின் இதே தேவை எழுந்தது. 1921ஆம் ஆண்டின் போர் ஓய்வூதியச் சட்டம், உள்ளூர் மக்களைக் கொண்ட தன்னார்வக் குழுக்களை அமைத்தது. 2009இல் அவை முன்னாள் படையினர் ஆலோசனை, ஓய்வூதியக் குழுக்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் முன்னாள் படையினர் ஆலோசனை வாரியத்தின் உறுப்பினர்களை மேயரும் நகர்மன்றத் தலைவரும் நியமிக்கின்றனர். படை மைய அரசுக்கு உரியது. பணி முடித்த வீரரோ ஓர் ஊருக்கு உரியவர். இந்த இடைவெளியை நிரப்பவே மூன்று நாடுகளிலும் உள்ளூர்க் குழுக்கள் தேவைப்பட்டன.

விடுதலைக்குப் பின்

1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங் காலத்தில் அமைந்த குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாளைப் படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடிநாளாகக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. முதல் கொடிநாள் வந்தபோது சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா. சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடும் வழக்கம் பள்ளிகள், அரசு அலுவலகங்கள், கடைவீதிகள் எங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இன்றும் ஆட்சியர்கள் துறைதோறும் வசூல் இலக்கு வகுத்துக் கொடிநாள் நிதியைத் திரட்டுகின்றனர். கொடிநாளன்று முன்னாள் படைவீரர்களுக்குத் தேநீர் விருந்தும் அளிக்கப்படுகிறது.

கடற்படை, விமானப்படை வீரர்களையும் உள்ளடக்கும்படி, இந்தியப் படைவீரர் வாரியம் என்ற மைய வாரியத்தின் பெயர் விரிவாக்கப்பட்டது. 1975 முதல் அது கேந்திரிய சைனிக் வாரியம் எனப்படுகிறது. பாதுகாப்பு அமைச்சர் அதன் தலைவர். அதன் கீழ் மாநில வாரியங்களும், நாடெங்கும் ஏறத்தாழ 400 மாவட்ட வாரியங்களும் உள்ளன. பெரும்பாலான மாநிலங்களில் இவற்றின் செலவை மைய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. 2004இல் பாதுகாப்பு அமைச்சகத்தில் முன்னாள் படைவீரர் நலனுக்கெனத் தனித்துறை உருவாயிற்று. தமிழ்நாட்டில் மாநில அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை இப்பணியை நடத்துகிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி

மாவட்ட எல்லை இடம்பெயரும்போது முன்னாள் வீரரின் அலுவலகமும் இடம்பெயர்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் புதிதாக உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில் இயங்கியது. ஆட்சியரிடம் நேரில் மனு கொடுக்க விரும்பிய ராஜபாளையத்து முன்னாள் வீரர் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 1985 மார்ச் 15 அன்று அதிலிருந்து பிரிந்து, இப்பகுதியை உள்ளடக்கிப் பிறந்த காமராஜர் மாவட்டம், பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. மாவட்டத் தலைமையகம் அருகில் வந்தது. எனினும் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழும் முதியவருக்கும் கணவரை இழந்த மூதாட்டிக்கும் விருதுநகர் சென்று திரும்புவது இன்றும் ஒரு நாள் வேலையே.

உள்ளூர் உறுப்பினர்களின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. உதவித்தொகை பெறத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாதவர் யார், எந்தக் குடும்பத்தில் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் நிலையில் உள்ளது என்பவை கோப்புகளில் பதிவாவதில்லை. அவற்றை அறிந்தவர் அதே தெருவில் வாழும் முன்னாள் வீரரே. வாரியத்தின் நியமன உறுப்பினர்களோடு, ஊர்களில் இயங்கும் முன்னாள் ராணுவத்தினர் நலச் சங்கங்களும் இச்செய்திகளை அலுவலகத்திற்குக் கொண்டு சேர்க்கின்றன. நாடளவில் இத்தகைய சங்கங்களை ஒன்றிணைக்கும் முயற்சியாக, தளபதி கரியப்பாவின் முன்முயற்சியில் 1964இல் இந்திய முன்னாள் படையினர் கழகம் உருவானது.

பணிகள்

வாரியத்தின் அன்றாட வேலையை உதவி இயக்குநர் தலைமையிலான முன்னாள் படைவீரர் நல அலுவலகம் செய்கிறது. அங்குள்ள நல அமைப்பாளர்களும் முன்னாள் வீரர்களே. ஊர் திரும்பியவர் படைவிலகல் சான்றைக் காட்டிப் பதிவு செய்து அடையாள அட்டை பெறுவது முதல் படி. திருமணம், குழந்தைப் பிறப்பு போன்ற விவரங்கள் படை ஆவணங்களில் விடுபட்டிருந்தால், பின்னாளில் குடும்ப ஓய்வூதியம் தடைப்படும். உரிய சான்றுகளைத் திரட்டிப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு அனுப்பித் திருத்தம் பெறுவது, அலுவலகத்தின் பொறுமை தேவைப்படும் பணிகளுள் ஒன்று. ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்னும் கணினி முறைக்கு மாறியபின், ஆண்டுதோறும் ஆயுள் சான்றைப் பதிவு செய்வதிலும் முதியோருக்கு உதவி தேவைப்படுகிறது.

நிதியுதவிகள் மையம், மாநிலம் என இரு வழிகளில் வருகின்றன. ஓய்வூதியம் பெறாத, 65 வயது கடந்த முன்னாள் வீரருக்கும் அத்தகையோரை இழந்த மனைவியருக்கும் மைய வாரியம் வழங்கும் வறுமை நிவாரணம், 2025 நவம்பரில் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்தது. கல்வி உதவி மாதம் 2,000 ரூபாயாகவும், திருமண உதவி ஒரு லட்சமாகவும் இரட்டிப்பாயின. தொழிற்கல்வி பயிலும் பிள்ளைகளுக்கான பிரதமரின் உதவித்தொகையில் மாணவியருக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவருக்கு 2,500 ரூபாயும் கிடைக்கின்றன.

வேலைவாய்ப்புக்காகத் தமிழ்நாடு அரசு 1986இல் டெக்ஸ்கோ எனப்படும் முன்னாள் படைவீரர் கழகத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் காவல் பணிகளுக்கு முன்னாள் வீரர்களை அது அனுப்புகிறது. 2025இல் தொடங்கிய ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம், தொழில் தொடங்குவோருக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு வழிசெய்து, 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் அளிக்கிறது. நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம், மருத்துவத் துணி நெய்யும் சத்திரப்பட்டி போன்ற தொழில் ஊர்களில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

நிலத் தகராறும் குடும்ப வழக்கும் எல்லையில் நிற்கும் வீரரைப் பெரிதும் வாட்டுபவை. வாய்தாவுக்கெல்லாம் அவரால் விடுப்பெடுத்து வர இயலாது. இதற்காகத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலை 26 அன்று வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கி, மாநில, மாவட்ட வாரியங்களில் சட்ட உதவி மையங்களுக்கு வழிவகுத்தது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால், இப்பகுதியினருக்கு இவ்வுதவி அருகிலேயே கிடைக்கக்கூடியது.

ஆலோசனை முறை

ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கும் சார்ந்தோருக்கும் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டம் நடத்தப்படுகிறது. வட்டாட்சியர், காவல் துறை, வங்கி என எத்துறையைச் சார்ந்த மனுவாயினும் அங்கே அளிக்கலாம். வாரியத்திற்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் இல்லை. பரிந்துரைப்பதும் தொடர்ந்து கேட்பதுமே அதன் கருவிகள். ஆட்சியரே தலைவர் என்பதால் அப்பரிந்துரைக்கு எடை கூடுகிறது. ஆயினும் கூட்டங்கள் ஒழுங்காக நடந்து, ஒவ்வொரு வட்டத்திற்கும் பேச ஓர் ஆள் இருந்தால்தான் இம்முறை பயன் தரும்.

வரும் ஆண்டுகள்

படைக்கு ஆள் எடுக்க 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்வோரில் 25 விழுக்காட்டினர் வரையே நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரப் பணியில் எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் சேவை நிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் பெற்று ஊர் திரும்புவர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. திட்ட விதிகளின்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதி முதல் நிறைவடைகின்றன. ஓய்வூதியமற்ற போர்க்கால வீரர்களுக்கு உதவ வளர்ந்த வாரியங்கள், இருபதுகளில் இருக்கும் ஓய்வூதியமற்ற இளைஞர்களையும் இனிச் சந்திக்கும். அவர்களுக்குத் தொழிற்பயிற்சியும் கடனும் வேலையும் கிடைக்க வழிகாட்டும் பொறுப்பை வாரியங்களுக்கு அளிப்பதா என்பது விதிகளை வகுக்கும் அரசுகளின் முடிவுக்கு உரியது.