மாசியில் எடுக்கும் கணக்கு: வெள்ளிமலையின் பருவமும் மக்கள்தொகையும்

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சவ்வாது மலைக்கும் பச்சைமலைக்கும் இடையில் கல்வராயன் மலை அமைந்துள்ளது. அம்மலைமேல் உள்ள சிற்றூர்களுள் ஒன்று வெள்ளிமலை. கன்னியாகுமரி, தேனி மாவட்டங்களிலும் இப்பெயரில் இடங்கள் உண்டு. இங்குக் குறிக்கப்படுவது கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன்மலை ஒன்றியத் தலைமையிடமாகிய ஊராகும். இம்மலையூர்களின் மக்கள்தொகை எண்களை, அவை எடுக்கப்பட்ட பருவத்திலிருந்து பிரித்துப் படித்தால் பொருள் பிழைபடும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

மலையின் பருவம்

கல்வராயன் மலையின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 முதல் 3,000 அடி உயரமுடையது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்னும் பொதுவிதியைக் கொண்டு நோக்கின், மலைமேல் உள்ள ஊர்கள் அடிவாரச் சமவெளியைவிட நான்கைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியில் மாலைநேர இடிமழையும், ஐப்பசி முதல் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. இந்நீரே கோமுகி, மணிமுத்தாறு, வசிட்ட நதி ஆகியவற்றின் வழியே வெள்ளாற்று வடிநிலத்தை அடைகிறது. மழை மலையில் பெய்ய, அணைகளின் பாசனம் சமவெளிக்குச் செல்கிறது. மலைமக்களுக்கு எஞ்சியது மானாவாரி நிலமே. சாமையும் தினையும் கேழ்வரகும் அதில் விளைந்தன. மழைக்காலத்தில் விதைத்து, தைக்குள் கதிரறுத்து, அதன்பின் கோடை முடியும்வரை கடுக்காய் முதலிய காட்டுப்பொருள்களைத் திரட்டுவது பழைய ஆண்டுச் சுழற்சியாகும்.

குளிர்ச்சி இருந்தும் வெளியார் இங்குக் குடியேறவில்லை. இதற்கு ஏற்காடு நல்ல ஒப்பீடாகும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். பின்னர் அங்குத் தோட்டங்களும் ஐரோப்பியர் இல்லங்களும் பெருகின. சேர்வராயனைவிடத் தாழ்ந்த கல்வராயனில் அத்தகைய குடியேற்றம் நிகழவில்லை. உயரக் குறைவோடு மலைக்காய்ச்சல் பற்றிய அச்சமும் வெளியாரைத் தடுத்தது. ஏற்காட்டைப் பற்றி எழுதிக் குவித்த ஆங்கில ஆவணங்கள் வெள்ளிமலையைப் பற்றிப் பெரிதும் மௌனம் காப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

கவுண்டர் ஆட்சியும் கணக்கும்

இம்மலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் மலையாள மொழிக்கும் தொடர்பில்லை. இவர்களின் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்னும் வாய்மொழி வழக்கை லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடும் (1883) தர்ஸ்டனின் தொகுப்பும் (1909) பதிவு செய்துள்ளன. இவ்வழக்கை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும், தாம் சமவெளியிலிருந்து ஏறிவந்தவர்கள் என்று ஒரு மக்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது கருதத்தக்கது.

சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகிய மூன்று சாகிர்தார் மரபினர் இம்மலையை நெடுங்காலம் ஆண்டனர். வடதமிழக மலைகளில் ஏரையும் கொத்தையும் எண்ணி வரி வாங்கும் முறை இருந்தது. அவ்வாட்சிக்கு ஆள்களின் எண்ணிக்கையைவிடக் கருவிகளின் எண்ணிக்கையே தேவைப்பட்டது. 1976இல்தான் சாகிர் ஊர்கள் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தன. மேலும், மலை ஒன்றாயினும் கணக்கு ஒன்றாக இல்லை: ஒரு பகுதி சேலத்திலும், மற்றொரு பகுதி தென்னார்க்காடு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என மாறிமாறியும் சேர்க்கப்பட்டது. ஆகவே மலை முழுமைக்குமான நீண்டகால எண்வரிசையை உருவாக்குவது எளிதன்று.

மாசி மாதம்

1881இன் கணக்கெடுப்பு பிப்ரவரி 17ஆம் நாளிலும், 1891இன் கணக்கெடுப்பு பிப்ரவரி 26ஆம் நாளிலும், 1901இன் கணக்கெடுப்பு மார்ச்சு 1ஆம் நாளிலும் நிகழ்ந்தன. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை மக்கள் எண்ணப்பட்டனர். நூற்றாண்டு கடந்தும் மாசியை ஒட்டிய காலமே தொடர்ந்துள்ளது. மழையும் உழவும் இல்லாத, வழிகள் உலர்ந்த மாதம் என்பதால் அது பொருத்தமான தேர்வே. அன்றைய வெள்ளிமலையில், அறுவடை முடிந்து குடும்பம் வீட்டில் இருந்த காலம் அது.

இன்று அம்மாதத்தின் பொருள் மாறிவிட்டது. சேலம், ஆத்தூர் வட்டாரச் சவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி மலையேறியது, சாமை குறைந்தது. வீட்டுக் குதிரில் இருந்த தவசத்தின் இடத்தைக் கையில் வரும் பணம் பிடித்தது. மலையில் வேலையற்ற மாதங்களில் அப்பணத்தைத் தேடிக் குடும்பங்கள் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் செல்கின்றன. அங்கு மிளகும் காப்பியும் பறிக்கும் காலமும் தை, மாசியே.

கணக்கெடுப்புக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவர், எங்கு இருக்கிறாரோ அங்கேயே எண்ணப்படுவார். ஊரின் எண்ணிக்கை அவ்வளவில் குறையும். பழங்குடியினர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறானது என்பதால் இழப்பு இத்துடன் நிற்பதில்லை. கேரள, கருநாடகப் பட்டியல்களில் மலையாளி என்னும் பெயர் இல்லை. அங்கு எண்ணப்படும் கல்வராயன் மலையாளி, எந்த மாநிலத்தின் பழங்குடிக் கணக்கிலும் சேர்வதில்லை. தமிழ்நாட்டில் 2001இல் 3,10,042 ஆகவும் 2011இல் 3,57,980 ஆகவும் காட்டப்பட்ட மலையாளிகளின் தொகையை இக்குறையை நினைவிற்கொண்டே படிக்க வேண்டும். (ஊரில் தங்கிப் பயிலும் விடுதி மாணவர்கள் மட்டும் தவறாமல் எண்ணப்பட்டுவிடுவர்.) அலுவலகங்களும் ஏகலைவா உறைவிடப் பள்ளியும் உள்ள வெள்ளிமலையின் எண் இதனால் பெரிதும் குறையாது, குறைவு விழுவது அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில்.

இது வெறும் எண் சிக்கல் அன்று. மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையமும் 20,000 பேருக்கு ஓர் ஆரம்பச் சுகாதார நிலையமும் என்பது அரசின் அளவுகோல். தை, மாசியில் இல்லாதவர்கள் சித்திரையில் திரும்பி வருகின்றனர். அவர்களுக்குரிய செவிலியர் பணியிடம் கணக்கில் இராது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோது, அடிப்படை வசதிகளின் குறையே முதன்மைப் பொருளாயிற்று.

அடுத்த கணக்கெடுப்புக்குரிய நாளாக 2027 மார்ச்சு 1 அறிவிக்கப்பட்டுள்ளது. குடகில் காப்பிப் பழம் பறிப்பு அப்போது முற்றும் முடிந்திராது.