கடிதத்தினுள் ஒரு படம்

ஊரில் கலியாணம் நிச்சயமானால், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் தபாலில் வந்து சேரும். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு அது பழகிய காட்சி. இக்காலத்தில் அப்பத்திரிகை மின்னஞ்சலிலும் வருகிறது; கடிதத்தின் அடியில் ஓர் இணைப்பாக நிற்கிறது. மஞ்சள்தான் வருவதில்லை. இவ்வாறு கடிதத்தோடு கோப்பை இணைப்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் செய்யும் காரியம். ஆயினும், மின்னஞ்சல் தோன்றிய பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரையில் இதற்குப் பொதுவான வழி எதுவும் இருக்கவில்லை. அவ்வழி பிறந்த வரலாற்றையே நாம் இங்குக் காண முற்படுகிறோம்.

1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து வலையமைப்பின் வழியே மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். அவர் செய்தது என்ன? ஒரே பொறியைப் பயன்படுத்துவோர் தமக்குள் குறிப்பு எழுதிவைக்க ஒரு நிரல் ஏற்கெனவே இருந்தது. பொறிக்குப் பொறி கோப்புகளை அனுப்ப வேறொரு நிரல் இருந்தது. இரண்டையும் அவர் ஒன்றாகப் பிணைத்தார். ஆக, கோப்பு அனுப்பும் கருவியின் வயிற்றிலேதான் மின்னஞ்சல் பிறந்தது. அப்படிப் பிறந்த பிள்ளை கோப்பைச் சுமக்க இயலாமல் நெடுங்காலம் நின்றது விந்தையே அன்றோ?

காரணம் எளியது. அக்காலத்து அஞ்சல் வழி ஆங்கில எழுத்துக்காக அமைந்தது. ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகள் போதும் எனக் கொண்டனர். அவற்றால் 128 குறிகளை எழுதலாம். 1982இல் ஜான் போஸ்டல் வகுத்தளித்த அஞ்சல் விதிகளும் அந்த ஏழையே உறுதிசெய்தன. புகைப்படமோ பாட்டோ எட்டுப் பிட்டுகளையும் வேண்டி நிற்பது. வழியிலுள்ள நிலையங்கள் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் படம் படமாக இராது. தந்தி அலுவலகத்தில் போய், “இந்தப் போட்டோவையும் அனுப்புங்கள்” என்று நீட்டுவது போன்றதே அந்நாளைய நிலை.

தந்திக்காரர் எழுத்தைத்தான் ஏற்பார் எனில், படத்தையே எழுத்தாக்கிவிட்டால் என்ன? 1980இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் அவ்வாறு ஒரு நிரலை எழுதினார். கோப்பு எழுத்துக் குவியலாக மாறிச் செல்லும். பெறுபவர் அதை வெட்டியெடுத்து, மறுபடியும் கோப்பாக்கிக்கொள்ள வேண்டும். நல்ல உபாயமே. ஆனால் அந்நிரல் கையாண்ட சில குறிகளும் வரியிறுதி வெற்றிடங்களும் வேறு வகைப் பொறிகளின் வழியே செல்கையில் சிதைந்தன. அன்றியும், வந்த குவியல் படமா கணக்கேடா என்று கடிதமே சொல்லும் முறையும் இல்லை.

இக்குறையைத் தீர்த்தவர்கள் நத்தானியல் பொரென்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்னும் இருவர். பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பொரென்ஸ்டைன், 1992 மார்ச் 11ஆம் நாள் ஒரு மின்னஞ்சலை அனுப்பினார். அவரும் உடனுழைப்போர் மூவரும் சேர்ந்து பாடும் சிறு குழு ஒன்று இருந்தது; அதன் படமும் பாட்டும் அக்கடிதத்தில் அடங்கியிருந்தன. பாட்டின் பொருளும் மின்னஞ்சலே! அவ்வாண்டு ஜூன் மாதம் இருவரும் வகுத்த முறை வெளியாயிற்று. அதற்கு ‘மைம்’ என்று பெயர்.

இம்முறையில் நாம் வியப்பது அதன் அடக்கத்தை. உலகெங்கும் நின்ற அஞ்சல் நிலையங்களை மாற்றுங்கள் என்று அது கேட்கவில்லை. அனுப்பும் முனையும் பெறும் முனையும் கற்றுக்கொண்டால் போதும். இடைவழி பழைய வழியே. இன்றும் ஒரு நிரல் இதைத்தான் செய்கிறது. மாதந்தோறும் நமக்கு வரும் வங்கிக் கணக்கறிக்கையை எந்த எழுத்தரும் உறையிலிடுவதில்லை. நிரல் முதலில் அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகியவற்றை எழுதுகிறது. ‘இக்கடிதம் பல பகுதிகள் கொண்டது’ என அறிவித்து, பகுதிகளுக்கிடையே எல்லைக்கல் போல ஒரு தனிச் சொற்கோவையை நடுகிறது. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதன் இனத்தையும் கோப்பின் பெயரையும் குறிக்கிறது. பின்னர் கோப்பின் மூன்று பைட்டுகளை எடுத்து, அவற்றின் 24 பிட்டுகளை ஆறாறாகப் பிரித்து, நான்கு எழுத்துகளாக்குகிறது. அதற்கு 64 குறிகள் வேண்டும்: ஆங்கிலப் பேரெழுத்து 26, சிற்றெழுத்து 26, இலக்கம் 10, கூட்டற்குறி, சாய்கோடு. எந்தப் பொறியிலும் சிதையாதவை என்று தேர்ந்தெடுத்தவை இவை. கடைசியில் ஒற்றைப் புள்ளி மட்டும் கொண்ட ஒரு வரி. அத்துடன் கடிதம் முடிந்தது என நிலையம் அறிகிறது.

மூன்று நான்காவதால் சுமையும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 1995 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது, நொடிக்கு 9,600 பிட்டுகளே தொலைபேசிக் கம்பியில் ஓடின. பத்து லட்சம் பைட்டுகள் கொண்ட படம் நேரே செல்ல 14 நிமிஷம் ஆகுமெனில், எழுத்துவேடம் பூண்டபின் 18 நிமிஷத்துக்கு மேல் ஆகும். தொலைபேசிக் கட்டணத்தையும் எண்ணிப் பாருங்கள்!

தமிழுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1990களின் இறுதியில் எழுந்த ‘டிஸ்கி’ முறை, ஆங்கிலம் அமர்ந்த முதல் 128 இடங்களை விட்டு, அடுத்த 128 இடங்களில் தமிழைக் குடியேற்றியது. எட்டாவது பிட்டு வெட்டுண்டால் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகிவிடும். படத்துக்கு நேர்ந்த அதே இன்னல் நம் மொழிக்கும் நேர்ந்தது. மைம் முறை இரண்டையும் ஒருங்கே காத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலுள்ள தமிழன்பர்கள் பழைய நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புத் திருத்தி, இணையத்தின் வழியே ஒன்றுகூடி உழைத்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே நடந்த வேலை அது.

பொரென்ஸ்டைனிடம் அந்நாளில் பலர், “மின்னஞ்சலில் படம் அனுப்ப வேண்டிய அவசியம் யாருக்கு?” என்று கேட்டனராம். ஒரு நாள் தமக்குப் பேரக்குழந்தைகள் பிறப்பார்கள், அவர்களுடைய படம் தமக்குக் கடிதத்தில் வர வேண்டும் என்பதே அவர் சொன்ன விடை. அப்போது அவருக்குப் பேரக்குழந்தைகள் இல்லை.