நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பியானோ ஆசிரியர்

அமெரிக்காவின் தென்பகுதியிலே, மிசிசிப்பி ஆறு கடலை அடைவதற்குச் சற்று முன்னே அமைந்த பழைய துறைமுகப் பட்டினம் நியூ ஓர்லியன்ஸ். ஜாஸ் என்னும் இசைக்கு அதுவே தொட்டில் என்பர். அந்நகரிலே 1934ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி பிறந்து, அங்கேயே 2020ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி மறைந்தவர் எல்லிஸ் மார்சாலிஸ். பியானோ வாசிப்பதிலே அவர் வல்லவர். ஆயினும் உலகம் அவரை அறிந்தது பெரும்பாலும் அவருடைய மாணவர் வாயிலாகவே. இது அவருக்குப் பெருமையோ குறையோ என்பது எளிதில் விடை கூறத்தக்க வினா அன்று.

அவர் இளைஞராயிருந்த காலத்திலே கறுப்பின மக்கள் வெள்ளையர் விடுதிகளிலே தங்குதல் இயலாது. அவருடைய தந்தையார் நகரின் எல்லைக்கு அப்பால் கறுப்பினப் பயணிகளுக்கென ஒரு தங்கும் விடுதி நடத்தினார். மார்ட்டின் லூதர் கிங், பாடகர் ரே சார்ள்ஸ் முதலானோர் அங்கே தங்கியதுண்டு. மகனோ விடுதிக் கணக்கினும் இசையையே பெரிதாக மதித்தார். முதலிலே கிளாரினெட், பின்னர் சாக்சபோன், அதன்பின் பியானோ என்று கருவிகளை மாற்றி, டில்லார்ட் பல்கலைக்கழகத்திலே இசைக் கல்வியைப் பயின்று 1955இல் பட்டம் பெற்றார்.

அவரை ஈர்த்தது சார்லி பார்க்கர் போன்றோர் 1940களிலே வளர்த்த புதிய ஜாஸ். பாடலின் அடிப்படை இணைசுரங்களைப் பற்றிக்கொண்டு, வாசிப்பவர் அவ்வப்போதே புதிய இசையைப் படைத்துச் செல்லும் முறை அது. மனோதர்மம் இன்னதென்று அறிந்த செவிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேகமும் சிக்கலும் நிறைந்த அவ்விசை ஆடுவதற்கு ஏற்றதன்று. நியூ ஓர்லியன்ஸுக்கு வந்த உல்லாசப் பயணிகள் கேட்க விரும்பியதோ தங்கள் பாட்டனார் காலத்து ஜாஸை. ஜாஸின் பிறப்பிடத்திலேயே புதிய ஜாஸுக்கு இடமில்லாமற் போயிற்று. 1963இலே, கறுப்பினக் கலைஞர் தாமே நிறுவிய ஓர் இசைத்தட்டுக் கம்பனி, மார்சாலிஸ் குழுவினரின் 'மங்கி பசில்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. பெரிய கம்பனிகள் அவரைத் தேடி வரவில்லை.

தோழர் பலர் நியூயோர்க்குக்கும் லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் சென்றனர். இவர் ஊரைவிட்டு நெடுங்காலம் அகலவில்லை. மனைவியும் ஆறு புதல்வரும் கொண்ட குடும்பம் அவருடையது. சிற்றூர்ப் பாடசாலை ஒன்றிலே வாத்தியக் குழுவைப் பயிற்றினார். 1967 முதல் 1970 வரை, உல்லாசப் பயணிகளின் அபிமானத்தைப் பெற்றிருந்த டிரம்பெட் கலைஞர் அல் ஹேர்ட்டின் குழுவிலே பியானோ வாசித்தார். அது அவர் உள்ளம் விரும்பிய இசையன்று, வயிற்றுப்பாட்டுக்கான இசை. ஆனால் அந்த அல் ஹேர்ட்டே மார்சாலிஸின் மகன் வின்டனுக்கு, ஆறு வயதுப் பாலகனாயிருக்கையிலே, முதல் டிரம்பெட்டை ஈந்தவர்.

1974இலே நியூ ஓர்லியன்ஸ் படைப்புக் கலை நிலையம் ஒரு பழைய ஆரம்பப் பாடசாலைக் கட்டிடத்திலே தொடங்கியது. பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைத் தத்தம் பாடசாலைகளிலே கழித்துவிட்டு, மறு பகுதிக்கு இங்கு வந்து கலை பயில்வர். அங்கே மார்சாலிஸ் இசையாசிரியரானார். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு உணருதல், கேட்டதைத் தாமே வாசித்துப் பிழை காணுதல் என்பவற்றை அவர் வற்புறுத்தினார். விடையைத் தாமே சொல்லிவிடுதல் ஆசிரியருக்கு எளிது. மாணவன் தானே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருத்தலே கடினம் என்பதை வகுப்பறையிலே நின்றோர் அறிவர். அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது. வின்டன், பிரான்ஃபர்ட் ஆகிய மைந்தரோடு டெரன்ஸ் பிளான்சார்ட், டொனால்ட் ஹரிசன், ஹரி கொனிக் முதலியோரும் அவரிடம் பயின்று புறப்பட்டனர். ஒரு நகரத்துப் பாடசாலையிலிருந்து சில ஆண்டுகளுக்குள்ளே இத்தனை பேர் வெளிவந்தது வியப்பே.

கற்பித்துக்கொண்டிருந்தவர் கற்பதையும் விடவில்லை. லொயோலா பல்கலைக்கழகத்திலே இசைக் கல்வியில் முதுமாணிப் பட்டம் பெற்றபோது ஆண்டு 1986; வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பின்பு வேர்ஜீனியாவிலே சில காலம் கற்பித்து, 1989இல் ஊர் திரும்பி, நியூ ஓர்லியன்ஸ் பல்கலைக்கழகத்திலே 2001 வரை ஜாஸ் கல்வியை நடத்தினார்.

இதனிடையே வின்டனின் பெயர் நாடெங்கும் பரவிற்று. 1982இலே வெளிவந்த 'தந்தையரும் மைந்தரும்' என்னும் இசைத்தட்டிலே தந்தையும் மைந்தரும் சேர்ந்து வாசித்தனர். 1990ஐ அடுத்து புளூ நோட், கொலம்பியா போன்ற புகழ்பெற்ற கம்பனிகள் எல்லிஸின் சொந்த இசைத்தட்டுக்களை வெளியிடலாயின. இளமையிலே 'மங்கி பசிலை' வாசித்தவரைத் தேடி அவை வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. மைந்தரின் புகழே அக்கதவைத் திறந்தது என்று சொல்வோர் உண்டு. அது பெரிதும் உண்மையே. எனினும் கதவு திறந்தபின் உள்ளே ஒலித்த தெளிந்த, ஆரவாரமற்ற வாசிப்பு அவருடையதே ஆகும்.

2005ஆம் ஆண்டின் கத்ரீனா சூறாவளியின்போது அணைகள் உடைந்து நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. வீடிழந்த இசைக்கலைஞருக்காகப் பிரான்ஃபர்ட்டும் ஹரி கொனிக்கும் முயன்று ஒரு குடியிருப்பை உருவாக்கினர். அதன் நடுவே 2011இல் திறக்கப்பெற்ற இசை நிலையத்துக்கு எல்லிஸ் மார்சாலிஸின் பெயர் இடப்பட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றபின்னும் பிரெஞ்ச்மன் வீதியிலுள்ள சிறியதொரு மண்டபத்திலே, வெள்ளிக்கிழமை இரவுதோறும் அவர் வாசித்து வந்தார். அவ்வழக்கம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. வாரந்தோறும் வாசிப்பதை அவர் நிறுத்திச் சில மாதங்களே சென்றிருந்தபோது கொவிட் நோய் நியூ ஓர்லியன்ஸைத் தாக்கியது. அந்நோயால் எண்பத்தைந்தாம் வயதில் அவர் உயிர்நீத்தார். வாத்தியங்கள் முழங்க ஊர்வலமாகச் சென்று கலைஞரை வழியனுப்புவது அந்நகரின் மரபு. கூட்டங்கூடுதல் தடைசெய்யப்பட்டிருந்த அந்நாட்களிலே அவருக்கு அத்தகைய ஊர்வலம் நடைபெறவில்லை.