கழிப்பறைக் குழாய்ப்பணி

கழிப்பறைக் குழாய்ப்பணி என்பது, கட்டிடங்களில் கழிப்பறைக் கோப்பை, நீர்த்தொட்டி ஆகியவற்றைப் பொருத்துதல், அவற்றை நீர்க்குழாயுடனும் கழிவுக் குழாயுடனும் இணைத்தல், பின்னர் ஏற்படும் பழுதுகளை நீக்குதல் ஆகியவை அடங்கிய தொழிலாகும். இப்பணியைச் செய்பவர் குழாய்ப்பணியாளர் எனப்படுகின்றார். பேச்சு வழக்கில் இவரைப் பிளம்பர் என்பர். இப்பணியின் பெரும்பகுதி தரைக்கு உள்ளேயும் சுவருக்கு உள்ளேயும் மறைந்துவிடுவதால், அதன் தரத்தை மூடுவதற்கு முன்னரே சோதித்து அறிய வேண்டியுள்ளது. இக்கட்டுரை, தமிழ்நாட்டு வீடுகளில் உள்ளூர்ப் பணியாளரை அமர்த்தி இப்பணியைச் செய்விக்கும் முறையை முதன்மையாக விளக்குகின்றது.

பெயரும் தொழிலும்

பிளம்பர் என்னும் சொல், ஈயத்தைக் குறிக்கும் பிளம்பம் என்ற இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பண்டைய உரோமில் நீர்க்குழாய்கள் ஈயத்தால் செய்யப்பட்டதே இதற்குக் காரணம். 1775 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், வளைந்த குழாயுடன் கூடிய நீரலம்பு கழிப்பறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்றைய கழிப்பறைகளிலும் அவ்வளைவின் தத்துவமே பயன்படுகின்றது.

இந்தியாவில் தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) இத்தொழிலுக்கு ஓராண்டுப் பயிற்சி உள்ளது. எனினும், அனுபவம் மிக்க ஒருவரிடம் உதவியாளராக இருந்தே பலர் தொழிலைக் கற்கின்றனர்.

நீர்த்தடுப்பு

கழிப்பறைக் கோப்பையின் அடியில் உள்ள வளைவில் எப்போதும் சிறிதளவு நீர் தேங்கி நிற்கும். பொதுவாக 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள இந்நீர், கழிவுக் குழாயில் உள்ள வளிகளும் பூச்சிகளும் அறைக்குள் வராமல் தடுக்கின்றது. இதனால் இது நீர்த்தடுப்பு எனப்படுகின்றது. வளைவுப் பகுதியைப் பணியாளர்கள் டிராப் என்பர். குளியலறைத் தரையில் உள்ள நீர்ப்போக்கியிலும் இத்தகைய வளைவு உண்டு.

நீர்த்தடுப்பு பின்வரும் காரணங்களால் இழக்கப்படலாம்:

- நீண்ட நாள் பயன்பாடு இன்றி நீர் ஆவியாதல்
- காற்றுப்போக்கிக் குழாய் இல்லாமையால், குழாயில் ஏற்படும் உறிஞ்சல் நீரை இழுத்துவிடுதல்
- கோப்பையில் விரிசல் ஏற்படுதல்

இதன் முக்கியத்துவத்தை 2003 ஆம் ஆண்டில் ஆங்காங்கில் நிகழ்ந்த சார்சு நோய்ப் பரவல் உணர்த்தியது. அங்குள்ள அமோய் கார்டன்சு என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். குளியலறைத் தரையில் இருந்த நீர்ப்போக்கிகளின் வளைவுகள் வறண்டு போயிருந்ததால், கழிவுக் குழாயில் இருந்த நுண்துளிகள் வீடுகளுக்குள் இழுக்கப்பட்டது பரவலுக்கு ஒரு முக்கிய காரணம் என ஆய்வாளர்கள் கருதினர்.

நிறுவுதல்

இந்திய வகைக் கோப்பை, மேற்கத்திய வகைக் கோப்பை ஆகிய இரண்டும் தமிழ்நாட்டில் பயன்பாட்டில் உள்ளன. மேற்கத்திய வகையில், கழிவு தரைக்குள் இறங்குவது எஸ் வகை. பின்புறச் சுவருக்குள் செல்வது பி வகை. எஸ் வகையில், பூச்சு முடிந்த சுவரில் இருந்து தரைக்குழாயின் நடுப்பகுதி வரையுள்ள தொலைவை அளந்த பின்னரே கோப்பையை வாங்க வேண்டும். 9 அங்குலமும் 12 அங்குலமும் பரவலாகக் காணப்படும் அளவுகளாகும். அளவு பொருந்தாவிடின் தரையை உடைக்கவோ, கோப்பையை மாற்றவோ நேரிடும்.

கழிவுக் குழாய்க்கு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் பெரும்பாலும் பயன்படுகின்றது. இது 1:40 முதல் 1:60 வரையிலான சரிவில், அதாவது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் வரை தாழுமாறு அமைக்கப்படுகின்றது. சரிவு குறைந்தால் திண்மக் கழிவு குழாயிலேயே தங்கிவிடும். காற்றுப்போக்கிக் குழாய் கூரைக்கு மேல் உயர்த்தப்படுகின்றது.

மேல் தளங்களில் குளியலறைத் தளம் தாழ்த்தி அமைக்கப்பட்டு, அப்பள்ளத்தில் குழாய்கள் பதிக்கப்படுவது உண்டு. அங்கு ஓர் இணைப்பு கசிந்தால், அது முதலில் கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரமாகத் தெரியும். அதனைச் சீர்செய்யத் தரை ஓடுகளை உடைக்க வேண்டும். இதனைத் தவிர்க்க, பள்ளத்தை நிரப்புவதற்கு முன் குழாயின் வெளிவாயை அடைத்து, நீர் நிரப்பி, நீர்மட்டம் இறங்குகின்றதா எனப் பார்க்கின்றனர். தரையின் நீர்க்காப்புப் பூச்சும் இவ்வாறே நீர் தேக்கிச் சோதிக்கப்படுகின்றது.

கோப்பையைத் தரையில் திருகாணிகளால் பொருத்தி, விளிம்பை வெள்ளைச் சிமெந்து அல்லது சிலிக்கோன் பசையால் மூடுவர். உட்குழிவு முழுவதையும் சிமெந்துக் கலவையால் நிரப்பினால், பின்னாளில் கோப்பையை உடைக்காமல் கழற்ற இயலாது. நீர்த்தொட்டிக்கு முன் ஒரு தனி அடைப்பான் (ஆங்கிள் காக்) பொருத்தப்படுகின்றது. இதனால் பழுதின்போது வீட்டின் பிற குழாய்களில் நீரை நிறுத்த வேண்டியதில்லை.

பொதுவான பழுதுகள்

நீர்த்தொட்டிக் கசிவு: மிதவை அடைப்பானோ, தொட்டியின் அடியில் உள்ள இரப்பர் வாசரோ தேய்வதால் ஏற்படுகின்றது. தொட்டி நீரில் சிறிது வண்ணத்தைக் கலந்து, அரைமணி நேரம் நீரலம்பாமல் விட்டால், கசிவு இருப்பின் கோப்பையில் வண்ணம் தெரியும். நிமிடத்திற்கு 100 மில்லிலிட்டர் கசிந்தால் ஒரு நாளில் 144 லிட்டர் வீணாகும். 1000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஏழு நாட்களில் காலியாவதற்கு இது ஒப்பாகும்.

நீரலம்பும் விசை குறைதல்: தொட்டியின் நீர்மட்டம் தாழ்ந்திருத்தல், கோப்பை விளிம்பின் துளைகளில் உப்புப் படிதல் ஆகியன காரணங்கள். உப்புப் படிதல், ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீர் பயன்படும் வீடுகளில் மிகுதி.

அடைப்பு: கழிப்பறையில் மட்டும் நீர் தேங்கினால் அடைப்பு பெரும்பாலும் வளைவில் இருக்கும். வீட்டின் எல்லா நீர்ப்போக்கிகளும் மெதுவாக வடிந்தால், முதன்மைக் குழாய் அடைபட்டிருக்கலாம் அல்லது கழிவுத் தொட்டி நிரம்பியிருக்கலாம். அமிலத்தையும் பிளீச்சிங் தூளையும் சேர்த்து ஊற்றினால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளி வெளிப்படும். அமிலம் ஊற்றியிருந்தால் அதனைப் பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் அவசியமாகும்.

துர்நாற்றம்: நீர்த்தடுப்பு வறளுதல், கோப்பையும் குழாயும் சேரும் இணைப்பு தளர்தல் ஆகியவற்றால் ஏற்படுகின்றது.

பணியாளரை அமர்த்துதல்

கொத்தனார், ஹார்டுவேர் கடைக்காரர், அண்டை வீட்டார் ஆகியோர் வழியாகவே பணியாளர்கள் பெரும்பாலும் அறிமுகமாகின்றனர். சிறு பழுதுக்கு அவ்வேலையைப் பொறுத்தும், புதிய குளியலறைக்கு ஒட்டுமொத்தமாகவும் கூலி பேசப்படுகின்றது. பொருட்களை உரிமையாளரே வாங்குவதும், பணியாளர் வாங்கி வருவதும் வழக்கில் உள்ளன. எவ்வாறாயினும் பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனிக் கணக்கு இருப்பது நன்று.

பிணக்குகள் பெரும்பாலும் பேசப்படாத வேலைகளால் எழுகின்றன. பணி தொடங்குமுன் தெளிவுபடுத்த வேண்டியவை:

- ஓடுகளை உடைப்பவர் யார், மீண்டும் பதிப்பவர் யார் (பதிப்பது பொதுவாகக் கொத்தனாரின் வேலை)
- இடிபாடுகளை அகற்றுபவர் யார்
- மூடுவதற்கு முன் நீர்ச் சோதனை உண்டா
- உடைத்த பின் தெரியவரும் கூடுதல் வேலைக்குக் கூலி எவ்வாறு

கடைசியாகக் குறிப்பிட்டது பணியாளருக்கும் பாதுகாப்பாகும். தரைக்கு உள்ளே இருக்கும் பழுதை முழுமையாக முன்கூட்டி மதிப்பிட எவராலும் இயலாது. கூலியின் ஒரு பகுதியைச் சோதனை முடிந்தபின் அளிப்பதாக முன்னரே பேசிக்கொள்வதும் உண்டு. மூடுவதற்கு முன் குழாய்களின் மீது அளவு நாடாவை வைத்து எடுக்கும் ஒளிப்படம், பின்னாளில் தவறான இடத்தில் துளையிடுவதைத் தவிர்க்கும்.

பணியின் எல்லை

குழாய்ப்பணி கழிவுத் தொட்டியின் (செப்டிக் டேங்க்) வாயிலோடு முடிவடைகின்றது. தொட்டிக்குள் எவரையும் இறக்குதல் கூடாது. அங்கு ஐதரசன் சல்பைடு, மெத்தேன் போன்ற வளிகள் தேங்கியிருக்கும். ஐதரசன் சல்பைடு மிகும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனை இழந்துவிடுவதால், நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் அன்று. உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் இறந்த நிகழ்வுகள் பல.

மனிதக் கழிவுகளை மனிதர்களே அகற்றுவதைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றிக் கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்ய ஆளை அமர்த்துவதைத் தடுக்கின்றது. இது உள்ளாட்சி அமைப்புகளுக்கு மட்டுமன்றித் தனிநபருக்கும் பொருந்தும். முதல் குற்றத்திற்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இத்தகைய இறப்புகளுக்கான இழப்பீட்டை 2014 இல் 10 இலட்சம் ரூபாயாக வகுத்த இந்திய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. நிரம்பிய தொட்டியை வெளியில் இருந்து உறிஞ்சு ஊர்தி மூலம் வெறுமையாக்குவதே உரிய முறையாகும்.

இவற்றையும் பார்க்க

- கழிப்பறை
- கழிவுநீர்
- நீர்வழங்கல்
- துப்புரவுப் பணியாளர்