உலர் நாய், பூனை உணவு

தானியம், இறைச்சி மாவு, கொழுப்பு, உயிர்ச்சத்துகள், தாதுக்கள் ஆகியவற்றைக் கலந்து வேகவைத்து, ஈரப்பதம் ஏறத்தாழ 10 விழுக்காடாகும்வரை உலர்த்திய குறுந்துண்டுத் தீனி. கெடாமல் இருப்பதும் கையாள எளிதாக இருப்பதுமே தொடக்கத்தில் இதன் சிறப்புகள். சத்து முழுமை என்னும் அளவுகோல் பின்னரே வந்தது.

தோற்றம்: அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட், இடிதாங்கி விற்க லண்டன் சென்றவர். துறைமுகத்தில் எறியப்பட்ட கப்பல் பிஸ்கட்டை நாய்கள் தின்பதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்பர். 1860 வாக்கில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், மாட்டிறைச்சி சேர்ந்த நாய் பிஸ்கட்டை விற்கத் தொடங்கினார். அவரது நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் க்ரஃப்ட், 1891இல் தம் பெயரிலேயே புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார்.

போரும் பொறியும்: 1920களில் அமெரிக்காவில் குதிரை இறைச்சி அடைத்த டப்பா உணவு பரவியது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் உற்பத்தியாளர்கள் உலர் தீனிக்கு மாறினர். 1950களில் ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம், காலையுணவுத் தானியம் செய்யும் பிதுக்குப் பொறியை இதற்கும் பயன்படுத்தி, 1957இல் ‘டாக் சௌ’வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீராவியில் வெந்த மாவு, முறுக்கு பிழிவதுபோல அச்சுத் துளை வழியே வெளிவரும். அழுத்தம் சட்டெனக் குறைவதால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, துண்டு பொரிபோல உப்பும். மாவுச்சத்து இல்லாமல் இது நன்கு உப்பாது. பூனைத் தீனியிலும் தானியமோ கிழங்கோ பருப்போ இடம்பெற இதுவே முக்கியக் காரணம். வெப்பத்தில் அழியும் உயிர்ச்சத்துகளை ஈடுகட்ட அவற்றைக் கூடுதலாகச் சேர்ப்பர். கொழுப்பையும் சுவையூட்டியையும் இறுதியில் மேலே பூசுவர்.

சத்து அளவுகள்: பூனை முழு ஊனுண்ணி. டாரைன் என்னும் அமினோ அமிலத்தைத் தேவையான அளவு அதன் உடல் உருவாக்காது. கேரட்டில் உள்ள கரோட்டினை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றவும் இயலாது. டாரைன் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975இல் வெளியாயிற்று. 1987இல் டேவிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பால் பியான் குழு, அன்றைய பரிந்துரைக்குக் குறையாத டாரைன் கொண்ட கடைத் தீனியை உண்ட பூனைகளுக்கும் இதயத்தசை நலிந்ததையும், டாரைன் கொடுத்ததும் அது தேறியதையும் காட்டியது. பரிந்துரையே போதாதது எனத் தெரிந்ததும் அளவுகள் உயர்த்தப்பட்டன.

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் வரையறைப்படி, ஈரம் நீக்கிய எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18, பூனைக்கு 26 விழுக்காடு புரதம் வேண்டும். குட்டிகளுக்கு முறையே 22.5, 30. பூனைக்கான உலர் தீனியில் டாரைன் 0.1 விழுக்காடேனும் இருக்கவேண்டும்.

மதிப்பிடல்: பொட்டலத்தில் அச்சிட்ட எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது. 10 விழுக்காடு ஈரமுள்ள உலர் தீனியில் புரதம் 24 என்றிருந்தால், ஈரம் நீக்கிய கணக்கில் அது ஏறத்தாழ 27. 78 விழுக்காடு ஈரமுள்ள டப்பா உணவில் 10 என்றிருப்பது ஏறத்தாழ 45. தானியம் இல்லாதது என்ற விளம்பரம் சத்துக்குச் சான்றாகாது. எந்த விலங்குக்கு, எந்தப் பருவத்துக்கு முழுமையான உணவு என்ற குறிப்பையே முதலில் பார்க்கவேண்டும். நாய்த் தீனிக்கு டாரைன் கட்டாயமில்லை. எனவே நாய்த் தீனியை மட்டுமே உண்டு வளரும் பூனை நோயுறக்கூடும்.